பழைய சைக்கிளை வாங்கிப் பிரித்துக் கட்டப் போகிறேன்: இந்த இரண்டில் எது?

#1 ஒற்றைப்பெடல்

வணக்கம். கியர், ஷாக் எதுவும் இல்லாமல் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம், நேரான ஹேண்டில்பார், கொஞ்சம் அகலமான டயர், எனக்குப் பிடித்த நிறம். இப்படி ஒரு சைக்கிளை நானே கட்டிப் பார்க்க ஆசை. தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும். புது ஃபிரேம் வாங்க வசதி இல்லை. மலிவாக ஒரு பழைய வண்டியை வாங்கி அதன் மேல் கட்டலாம் என்று தேடியதில் இரண்டு கண்ணில் பட்டன. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலாவது அலுமினியம். முன்னால் ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. ஏறி மிதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது பழைய ஸ்டீல் ரோடு பைக். வளைந்த ஹேண்டில்பார். இரண்டு டயரும் செத்துவிட்டன, செயின் ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. எத்தனை வருடம் வெயிலில் நின்றதோ, ஸ்டிக்கர்கூடப் பாதி உரிந்துவிட்டது.

மனசு முதலாவதுக்குத்தான் போகிறது. சொல்லுங்கள்.

#2 துருவேட்டை

முதலாவதில் உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஷாக், டிஸ்க், பெயிண்ட். நீங்கள் கட்டப்போகும் வண்டியில் இந்த மூன்றில் எது இருக்கும்? மூன்றையும் கழற்றி எறியத்தான் போகிறீர்கள். எறியப்போவதற்கு ஏன் காசு?

பழைய வண்டி எதை எடுத்தாலும் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள், கேபிள் உறை, பால்ரஸ், கிரீஸ் இவ்வளவும் புதிதாகத்தான் போட வேண்டும். விற்பவர் “நல்லா ஓடுது” என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. இந்தச் செலவு இரண்டு வண்டிக்கும் பொது. அதனால் செத்த டயரையும் இறுகிய செயினையும் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். விலையைக் குறைத்துக் கேட்க அவை உதவும், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது, இந்த வண்டியை எடுத்தால் எதையெல்லாம் வாங்க வேண்டியிருக்காது என்பதை. நேரான ஃபிரேம், நேரான ஃபோர்க், மரை கெடாத பிபி குழாய் (பெடல் கைகளான கிராங்க்குகளின் அச்சு ஓடும் குழாய்), ஆடாத ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புவதற்கான பால்ரஸ் கப்கள்). இது நான்கும் இருந்தால் மிச்சம் எல்லாம் கடையில் கிடைக்கும். இது நான்கும் இல்லாத வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

#3 காற்றடி

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்கு ஒரு ஃபிரேம் ஓசியில் வந்தது. இன்றுவரை நான் அதிகம் செலவழித்த வண்டி அதுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதே கதை. முதலில் சக்கரம், பிறகு சக்கரத்துக்கு ஏற்ற பிரேக், பிரேக்குக்கு ஏற்ற லீவர், லீவர் ஏறாததால் வேறு ஹேண்டில்பார், அது பொருந்தாததால் அதைப் பிடிக்கும் வேறு ஸ்டெம். நடுவில் இரண்டு ஸ்பேனர்கள், அதற்கென்றே செய்த ஒரு புல்லர். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் நல்ல புது வண்டி ஒன்று வாங்கியிருக்கலாம்.

கட்டுவது பிடித்திருந்தால் கட்டுங்கள். காசு மிச்சமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

#4 அளவுகோல்

காற்றடி சொல்வது உண்மை. ஆனால் அவர் விழுந்த பள்ளம், அளக்காமல் வாங்கியது. போகும்போது ஒரு வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்டீல் ஸ்கேல். நான்கு எண்கள் போதும்.

முதலில் டயர். 26 அங்குலம், 28 அங்குலம் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 32-622 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண்தான் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 559, 590 இரண்டையுமே ‘26’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 622ஐ ஒருவர் 700சி என்பார், இன்னொருவர் 28 என்பார், மலை வண்டிக்காரர் 29 என்பார். மூன்றும் ஒரே ரிம். கம்பி பிரேக் வைத்த பழைய ரோட்ஸ்டர்களில் 635 வரும். பழைய ரோடு பைக்கில் 27 என்று போட்டிருந்தால் அது 630. இந்தக் கடைசி அளவில் நல்ல டயர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து, பின் அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் இடையில் உள்ள அகலம். 120 என்றால் பின்னால் ஐந்து பல்சக்கரம் உள்ள பழைய வண்டி அல்லது பந்தயத் தடத்தில் ஓட்டும் டிராக் வண்டி, 126 என்றால் ஆறு, ஏழு பல்சக்கரக் காலம், 130 அதற்குப் பிறகு வந்த ரோடு பைக், 135 மலை வண்டி.

மூன்றாவது, கிராங்க் அச்சு ஓடும் பிபி குழாயின் அகலம். 68 அல்லது 73 என்றால் பெரும்பாலும் எளிதில் கிடைக்கும் ஆங்கில மரை. 70 என்றால் இத்தாலிய மரையாக இருக்கலாம், அதற்கான பிபி தேடித்தான் பிடிக்க வேண்டும். மரையே இல்லாமல் 51 மிமீ ஓட்டை மட்டும் இருந்தால் அது இரண்டு கிராங்க்கும் அச்சும் ஒரே துண்டாக வரும் வகை.

நான்காவது சீட் கம்பியின் விட்டம். இந்த எண் ஃபிரேமின் ஜாதகத்தையே சொல்லிவிடும். பழைய ஸ்டீல் ஃபிரேமில் சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மிமீ. உள்ளே 27.2 கம்பி போகிறது என்றால் குழாயின் சுவர் சுமார் 0.7 மிமீதான், மெல்லிய நல்ல குழாய். 25.4 கம்பி என்றால் சுவர் 1.6 மிமீ. அது தண்ணீர்க் குழாய். ஸ்டிக்கர் பொய் சொல்லும், இது சொல்லாது.

#5 மலைமிதி

இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேடக் கூடாதா? 1990களில் வந்த ஷாக் இல்லாத ஸ்டீல் மலை வண்டிகளைத்தான் நான் எப்போதும் தேடுவேன். 559 டயர் இன்றும் எங்கும் கிடைக்கிறது, பின் அகலம் 135, அகலமான டயருக்கு இடம் தாராளம், கேரியர் மாட்ட மரை ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கும். பார்க்க அழகாக இருக்காது என்பதால் யாரும் சீந்துவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அதில் வி-பிரேக் போடுவதாக இருந்தால் அதற்கென்று வரும் லீவரையே போடுங்கள். ரோடு பைக் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் அதற்குப் போதாது.

#6 ஒற்றைப்பெடல்

நன்றி அக்கா, தேடிப் பார்த்தேன், அருகில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. இருக்கிற இரண்டில் ஒன்றைத்தான் முடிவு செய்ய வேண்டும். அலுமினியத்தில் அப்படி என்ன குறை? எடை குறைவு, துருப் பிடிக்காது. உரிந்த ஸ்டிக்கரில் ‘4130’ என்று மட்டும் தெரிகிறது, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

#7 அளவுகோல்

உண்டு. 4130 என்பது குரோம்-மாலிப்டினம் ஸ்டீல். அது ‘விறைப்பானது’ என்று நிறையப் பேர் சொல்வார்கள், தவறு. சாதா ஸ்டீலும் இதுவும் ஒரே அளவுதான் வளையும். இதன் வலிமை அதிகம் என்பதால் குழாயை மெல்லியதாக இழுக்கலாம், அதனால் எடை குறையும். ஸ்டிக்கரில் அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி இருந்ததா என்று பாருங்கள். சில வண்டிகளில் முக்கியமான மூன்று குழாய்கள் மட்டும்தான் அது, ஃபோர்க்கும் பின்பக்கமும் சாதா இரும்பாக இருக்கும்.

#8 துருவேட்டை

அலுமினியம் கெட்டதில்லை. ஆனால் பிரித்துக் கட்டுகிறவனுக்கு அது விட்டுக்கொடுக்காத உலோகம். ஸ்டீல் ஃபிரேமின் பின்பக்கத்தை 126லிருந்து 130க்குக் கையாலேயே விரிக்கலாம். அலுமினியத்தை விரித்தால் இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் விரிசல் விடும். ஸ்டீலில் ஒரு கொக்கி வேண்டுமென்றால் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் பற்றவைத்தால் சூடு பட்ட இடம் வலுவிழக்கும், மறுபடி பதப்படுத்த வேண்டும். அந்த ஷாக் ஃபோர்க்கும் அப்படித்தான். மலிவு ஷாக்கைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்காது, மாற்றினால் வண்டி விலையைத் தாண்டும்.

இன்னொன்று, புது பெயிண்ட் அடித்த பழைய வண்டி. யாராவது மெனக்கெட்டு பெயிண்ட் அடித்தால் நான் முதலில் கேட்பது “எதை மறைக்க?” என்றுதான். ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன். மாலை மங்கிய வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்கினேன். மறுநாள் கழுவும்போது, ஃபோர்க்கின் மேல்தண்டு நுழையும் ஹெட் குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் கை ஒரு மேட்டில் தடுக்கியது. நெல்மணி அளவு வீக்கம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியவும் இல்லை. எங்கேயோ நேருக்கு நேர் மோதிய வண்டி. மோதினால் முன் சக்கரம் பின்னால் தள்ளப்படும், கீழ்க்குழாயும் மேல்குழாயும் ஹெட் குழாயை ஒட்டிய இடத்தில்தான் முதலில் மடங்கும். அங்கே கண்ணை விட விரல்தான் நல்ல கருவி. கண்ணை மூடிக்கொண்டு குழாயின் அடிப்பக்கமாக விரலை இழுத்துப் பாருங்கள்.

பிறகு வண்டியைக் கவிழ்த்து பிபி குழாயின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். சில வண்டிகளில் வேறு இடத்தில் இருக்கும், ஆனால் எங்காவது இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

#9 மின்மிதி

இடையில் ஒரு கேள்வி. இதே மாதிரி பழைய வண்டியில் ஹப் மோட்டார் போட நினைக்கிறேன். முன் சக்கர மோட்டார்தான் மலிவு. ஃபோர்க் அலுமினியம். பிரச்சினை வருமா?

#10 அளவுகோல்

வரும், அதுவும் முகத்தில். மோட்டார் அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவி 10 மிமீ ஆக்கியிருப்பார்கள். அந்தத் தட்டை விளிம்புதான் காடிக்குள் நின்று மோட்டாரின் முறுக்கைத் தாங்குகிறது. அலுமினியக் காடி பிளந்தால் சக்கரம் கழன்றுவிடும். ஸ்டீல் ஃபோர்க், முறுக்கைத் தாங்கும் டார்க் ஆர்ம் இரண்டும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இதற்குத் தனியாகப் பேசலாம், இவருடைய வண்டியை முடிப்போம்.

#11 ஒற்றைப்பெடல்

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலாவது கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தேன். பிபி அடியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. ரசீது கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினார். “யோசித்துச் சொல்கிறேன்” என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது: டயரில் 32-630 என்று இருந்தது. பின் அகலம் 126. பிபி 68. ஹெட் குழாய்க்குப் பின்னால் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. வரிசை எண் தெளிவாக இருக்கிறது. கிராங்க்கின் பின்பக்கம் ஷிமானோ என்று போட்டு, பக்கத்தில் ஜே, எஃப் என்று இரண்டு எழுத்து. ஹெட்செட் சுற்றும்போது கரகரவென்கிறது. சீட் கம்பி மட்டும் அசையவே இல்லை. விற்பவர் பெரியவர், அவரே ஓட்டிய வண்டி. “சீட்டை இறக்கணும்னு தோணவே இல்லைப்பா” என்றார்.

#12 துருவேட்டை

முதலாவதை மறந்துவிடுங்கள். எண்ணைத் தேய்த்த வண்டி திருட்டு வண்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் அதன் சொந்தக்காரர் உங்கள் எதிரில் வந்து நிற்பார்.

ஜே என்பது 1985, எஃப் ஜூன். ஷிமானோ 1976ஐ ‘ஏ’ என்று ஆரம்பித்து வருடத்துக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து என்று குத்தியது. 26 எழுத்தும் தீர்ந்ததும் 2002இல் மறுபடி ஏ. கணக்குப்படி ஜே 2011ஆகவும் இருக்கலாம். ஆனால் 126 அகலமும் 630 டயரும் உள்ள வண்டி 1985 என்றுதான் சொல்கிறது.

வாங்குங்கள். ஹெட்செட் கரகரப்பு பால்ரஸ் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். நேராக வைக்கும்போது ஹேண்டில்பார் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால்தான் கப் தேய்ந்திருக்கிறது. சீட் கம்பியைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெரியவரிடம் ரொம்பவும் அடித்துப் பேச வேண்டாம்.

#13 காற்றடி

630 ரிம்மை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சக்கரம் இரண்டும் செலவு. எழுதி வையுங்கள், நான் கூட்டிக்கொண்டே வருகிறேன்.

#14 அளவுகோல்

சக்கரம் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் இந்த மாற்றம் சுலபம். 630க்குப் பதில் 622 போட்டால் ரிம்மின் விளிம்பு 4 மிமீ கீழே போகும், வித்தியாசத்தில் பாதி. பிரேக் கையில் கட்டை மாட்டும் காடியில் கட்டையை 4 மிமீ இறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரேக்கை மாற்றவே வேண்டாம். சக்கரம் சிறிதாவதால் மேலே இடம் கூடும், டயரையும் கொஞ்சம் அகலமாகப் போடலாம்.

பின்சக்கரத்துக்கு, கேசட் (பல்சக்கரங்களை உருவி மாற்றக்கூடிய அடுக்கு) வகை ஹப் உள்ள பழைய 130 மிமீ ரோடு சக்கரம் ஒன்று தேடுங்கள். ஒரே ஒரு பல்சக்கரம், இரு பக்கமும் ஸ்பேசர்கள். ஸ்பேசரை இடம் வலம் மாற்றிப் போட்டால் செயின் நேராக ஓடும்படி வைத்துக்கொள்ளலாம். பழைய கேசட்டிலிருந்து ஒரு பல்சக்கரத்தை உருவிப் போடாதீர்கள். கியர் மாறுவதற்காக அதன் பற்களைச் சீவியிருப்பார்கள், செயின் நழுவும். ஒற்றைக்கென்று வரும், பற்கள் உயரமான பல்சக்கரம்தான் சரி.

#15 ஒற்றைப்பெடல்

வாங்கிவிட்டேன். பிரேக் கட்டைக்குக் கீழே 7 மிமீ இடம் இருக்கிறது. 622 சக்கரங்களும் பழையதாகவே கிடைத்தன, பின்னது 130. காற்றடி அண்ணன் கணக்குக்கு: வண்டி விலையும் சக்கர விலையும் ஏறக்குறைய சமம்.

126ஐ 130 ஆக்குவது எப்படி? ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது?

#16 துருவேட்டை

ஒரு நூல் போதும். இடது காடியில் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து வலது காடியில் இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. இப்போது சீட் குழாயின் இரு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் நேர். இல்லையென்றால் அந்த வித்தியாசம்தான், ஏறத்தாழ, பின்முனையின் நடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும். அளந்து எழுதுங்கள், அதற்குப் பிறகு விரிப்பதைப் பேசலாம்.

#17 ஒற்றைப்பெடல்

வலப்பக்கம் 2 மிமீ அதிகம். கோணலா? போச்சா?

#18 துருவேட்டை

போகவில்லை, அதிர்ஷ்டம்தான். பின்முனை வலப்பக்கம் 2 மிமீ தள்ளி நிற்கிறது. உங்களுக்கு மொத்தம் 4 மிமீ விரிய வேண்டும். இரு பக்கமும் 2, 2 என்று விரிக்காமல் இடது பக்கத்தை மட்டும் 4 மிமீ வெளியே தள்ளுங்கள். அகலம் 130 ஆகிவிடும், நடுவும் சரியாகிவிடும்.

நீளமான ஒரு மரச்சட்டம் எடுங்கள். ஒரு முனையைத் துணி சுற்றி சீட் குழாயின் இடப்பக்கம் முட்டக் கொடுத்து, சட்டத்தை இடது காடியின் உள்பக்கமாகக் கொண்டுவந்து, மறுமுனையைப் பிடித்து இடப்பக்கமாக இழுங்கள். ஸ்டீல் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும். 4 மிமீ நிற்க வேண்டுமென்றால் அதைவிட நிறையவே தள்ள வேண்டியிருக்கும். முதல் இரண்டு தடவை ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும், மூன்றாவதில் சட்டென்று கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் நூலைக் கட்டி அளந்து பாருங்கள். கடைசியாக, இரண்டு காடிகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நட்டை இறுக்கும்போது அச்சு வளையும், பிறகு உடையும்.

#19 ஒற்றைப்பெடல்

130.5 வந்திருக்கிறது. நூல் இரு பக்கமும் சமம். அந்த மூன்றாவது இழுப்பில் என் உயிரே போய்விட்டது.

இப்போது சீட் கம்பி. சீட்டைப் பிடித்துத் திருகினேன், சீட்தான் திரும்பியது. கம்பி அலுமினியம். சுத்தியலால் அடிக்கலாமா?

#20 அளவுகோல்

அடிக்காதீர்கள். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பி, நடுவில் ஈரம். இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிக்கும். அதன் ஆக்சைடு உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும், ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். உங்கள் சுத்தியலுக்கெல்லாம் அது மசியாது, பொறுமைக்குத்தான் மசியும்.

இறுக்கும் போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மேலே விளிம்பில் விடுங்கள். பிபியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கவிழ்த்து அந்தப் பக்கத்திலிருந்தும் குழாய்க்குள் விடுங்கள். தினமும் ஒரு தடவை, ஒரு வாரம். பிறகு கம்பியின் மேல்முனையை ஒரு கனமான வைஸில் கடிக்கவிட்டு, ஃபிரேமையே கைப்பிடி மாதிரி பிடித்துத் திருகுங்கள். இழுக்கக் கூடாது, திருக வேண்டும். கம்பி நாசமாகும், ஆகட்டும்.

குளிரும் உதவும். ஒரே அளவு வெப்ப மாற்றத்துக்கு அலுமினியம் ஸ்டீலை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். கம்பிக்குள் பனிக்கட்டியைத் திணித்துக் குளிர வைத்தால் கம்பி குழாயை விட்டுச் சற்று விலகும்.

#21 மலைமிதி

யாராவது காஸ்டிக் சோடா என்று ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அது அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலை விட்டுவிடும், உண்மை. ஆனால் கொதிக்கும், ஹைட்ரஜன் வெளியாகும், தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி, கையுறை, திறந்த வெளி இல்லாமல் வேண்டாம். ஃபிரேமே அலுமினியம் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால் இன்னொரு வாரம் எண்ணெய் விடுவேன்.

#22 ஒற்றைப்பெடல்

பிபியைக் கழற்றப் போனால் வலப்பக்கக் கப் அசையவில்லை. முழு பலத்தையும் போட்டு இடப்பக்கமாகத் திருகுகிறேன். இதுவும் இறுகிவிட்டதா?

#23 துருவேட்டை

ஐயோ, நிறுத்துங்கள். இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஆங்கில மரையில் செயின் பக்கக் கப்புக்கு இடது மரை, வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். முதலில் கப்பின் முகத்தைத் துடைத்துப் படியுங்கள், 1.37 x 24 (விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை) என்று குத்தியிருந்தால் அதுதான். இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் சாதா வலது மரை. 68 என்பதை மட்டும் நம்பவும் முடியாது, பழைய பிரெஞ்சு வண்டிகளும் 68தான், மரை வேறு. ராலே தன் வண்டிகள் சிலவற்றுக்கு அங்குலத்துக்கு 26 இழை என்று தனி மரையே வைத்திருந்தது. பழைய வண்டியில் படித்துவிட்டுத் திருகுவதுதான் நல்லது.

#24 ஒற்றைப்பெடல்

1.37 x 24. வலப்பக்கம் திருகினேன், கழன்றது. நேற்று இடப்பக்கம் போட்ட பலத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குழாய்க்குள் ஒரு கைப்பிடித் துரு, காய்ந்த சேறு, ஒரு செத்த கரப்பான். டார்ச் அடித்துப் பார்த்தேன், சுவரில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. எண்ணெய் ஊற்றத் தொடங்கிவிட்டேன்.

#25 ஒற்றைப்பெடல்

ஒன்பதாவது நாள். வைஸில் மாட்டி, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஃபிரேமின் இரு முனையையும் பிடித்துத் திருகினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். குழாய்தான் பிளந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, கம்பி அரை சுற்று திரும்பியிருந்தது. அதற்கப்புறம் திருகித் திருகி வெளியே எடுக்க ஒரு மணி நேரம். அடிப்பகுதி முழுக்க வெள்ளை மாவு. கம்பியில் 26.8 என்று குத்தியிருக்கிறது.

#26 அளவுகோல்

26.8! சுவர் 0.9 மிமீ. தண்ணீர்க் குழாய் இல்லை. புதுக் கம்பியும் 26.8ஆகவே வாங்குங்கள். “26.6 போட்டு இறுக்கிக்கோங்க” என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். 0.2 மிமீ குறைந்தாலும் இறுக்கி இறுக்கி மேல்விளிம்பில் விரிசல் விழும். உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை உருவி மறுபடி தடவுங்கள்.

#27 காற்றடி

கணக்கு?

#28 ஒற்றைப்பெடல்

வண்டி விலையைப் போல மொத்தம் இரண்டரை மடங்கு, இன்னும் ஹேண்டில்பார் பாக்கி.

முன்னால் 52, 42 என்று இரண்டு பல்சக்கரம். 52ஐ எடுத்துவிட்டு 42ஐ மட்டும் வைக்கலாமா? பின்னால் எத்தனை பல் போடுவது? பெயிண்ட் பட்டறையிலும் பேசிவிட்டேன், அடுத்த வாரம் கொடுக்கிறேன்.

#29 துருவேட்டை

42 போதும். இரண்டு சக்கரத்தைப் பிடித்த போல்ட் ஒன்றுக்கு நீளமாக இருக்கும், இறுகாது. ஒற்றைக்கென்று குட்டை போல்ட் வரும், அதை வாங்குங்கள். பின்னால் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.6 மீட்டர் போகும், 18 என்றால் 5 மீட்டர். நின்று நின்று கிளம்பும் சாலையில் 18தான் முழங்காலுக்கு நல்லது. காடி சாய்வாக நீண்டிருப்பதால் சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கலாம், டென்ஷனர் எதுவும் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு செயின் எங்கே ரொம்ப இறுகுகிறது என்று பாருங்கள், அங்கே ஒரு விரல் தடிமன் ஆட வேண்டும். பிரேக் முன்னும் பின்னும் இரண்டும் இருக்கட்டும்.

பெயிண்ட் இப்போது வேண்டவே வேண்டாம். பட்டறைக்கு போன் செய்து நிறுத்துங்கள். இதே தப்பை நான் செய்தேன். ஆசையாக பவுடர் கோட்டிங் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் மட்கார்டுக்கு ஒரு கொக்கி வேண்டும் என்று தெரிந்தது. பற்றவைக்கும்போது புதுப் பூச்சு பொசுங்கி நாறியது. இருக்கிற கோலத்திலேயே பூட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். கேபிள் எங்கே உரசுகிறது, கேரியர் எங்கே வேண்டும், ஹேண்டில்பார் உயரம் போதுமா எல்லாம் அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு கொடுக்கும்போது பிபி மரை, ஹெட் குழாய், சீட் குழாய் மூன்றின் வாயையும் அடைத்துக் கொடுங்கள். உள்ளே பவுடர் போய் உருகினால் 26.8 கம்பி ஏறாது.

#30 மலைமிதி

நிறம் எது?

#31 ஒற்றைப்பெடல்

மாம்பழ மஞ்சள் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பழைய நீலம் பழகிவிட்டது.

பூட்டிவிட்டேன். இன்று காலை முதல் ஓட்டம். நேராகப் போகிறது, கையை விட்டாலும் போகிறது! ஆனால் பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

#32 துருவேட்டை

உடனே இறங்கி கிராங்க் போல்ட் இரண்டையும் இறுக்குங்கள். சதுர அச்சில் கிராங்க் தளர்ந்து ஓடினால் ஓட்டை உருண்டையாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அதற்கப்புறமும் கேட்டால் பெடல்களைக் கழற்றி மரையில் கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். இடது பெடல் இடது மரை, ஞாபகம் இருக்கட்டும்.

#33 ஒற்றைப்பெடல்

இடது பெடல்தான். மரையில் கிரீஸே இல்லை. இந்தத் தடவை சரியான பக்கம் திருகினேன். சத்தம் நின்றுவிட்டது.

காற்றடி அண்ணன் கேட்பதற்கு முன்: ஹேண்டில்பாரும் சேர்த்து மூன்று மடங்கு, கிரீஸ் டப்பா தனி.

#34 காற்றடி

கிரீஸ் டப்பாவைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அடுத்த வண்டிக்கும் ஆகும்.